செட்டிநாட்டுத் தெருக்களில் பெட்டி வேண்டாம், கேள்வி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டைப் பற்றிச் சுற்றுலாப் பக்கங்களில் வெளியாகும் கட்டுரைகள் பெரும்பாலும் கானாடுகாத்தான் அரண்மனை, காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, ஆத்தங்குடிக் கல் பதித்த ஏதேனும் ஒரு பெரிய வீடு ஆகியவற்றின் வாசல்களோடு நின்றுவிடுகின்றன. வெளியூரிலிருந்து வருபவர்களும் அந்த வாசல்களில் படம் எடுத்துக்கொண்டு, மதியம் ஒரு விடுதியில் செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிட்டு, பிள்ளையார்பட்டியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ கிளம்பிவிடுகிறார்கள். சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரு மாவட்டங்களிலும் பரவிக்கிடக்கும் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் மற்றவை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. ஜியோகேச்சிங் என்னும் தேடல் விளையாட்டு இந்த நிலையை ஓரளவு மாற்றக்கூடும் என்பதையும், ஆனால் அதை இங்கே கொண்டுவரும்போது பெட்டியை விட்டுவிட்டுக் கேள்வியை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாக இவ்வட்டாரத்து மக்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் தெரிவிக்க விரும்புகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை, ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் இடையே நூறு மீட்டர் வரை வேறுபாடு இருக்கலாம். அதிபர் கிளிண்டனின் ஆணைப்படி மே 2ஆம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் பகுதியில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்து மறைத்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். சில நாள்களுக்குள் வேறொருவர் அதைக் கண்டுபிடித்தார். அன்று தொடங்கிய விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. எண்களைப் பின்தொடர்ந்து சென்று, மறைத்துவைத்த பெட்டியைக் கண்டெடுத்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். உள்ளிருக்கும் சிறு பொருளை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். உணவுப் பண்டம் வைக்கக் கூடாது (நம் ஊர் எலிகளையும் எறும்புகளையும் அறிந்தவர்களுக்கு இந்த விதியின் காரணத்தை விளக்கத் தேவையில்லை). மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. இடத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வசிக்கும் என் மகன் குடும்பத்தார் அங்கே விடுமுறை நாள்களில் இதை விளையாடிப் பழகியவர்கள். தை மாதம் பள்ளத்தூருக்கு வந்திருந்தபோது, பெட்டி எதையும் வைக்காமல், ஓர் இடத்துக்கு ஓர் எண் வரிசை, ஒரு கேள்வி என்று தாளில் எழுதி, மகனும் மருமகளும் ஒரு நாள் பயணத்தை அமைத்தார்கள். பேரப்பிள்ளைகள் ஓர் அணி, நானும் என் மனைவியும் மற்றோர் அணி. நெடுங்காலம் புவியியல் கற்பித்த எனக்கு, வகுப்பறைக் கரும்பலகையில் வெறும் கோடுகளாகவே நின்றுவிட்ட அட்சரேகையும் தீர்க்கரேகையும் அன்றைக்குத் தெருமுனைகளாகவும் ஊரணிக் கரைகளாகவும் மாறியதைப் பார்ப்பதே தனி மகிழ்ச்சியாக இருந்தது.

வெயில் ஏறுவதற்கு முன் திருமயம் சென்றோம். ஊமையன் கோட்டை என்றும் மக்கள் அழைக்கும் அந்தக் கோட்டை 1687இல் சேதுபதி மன்னரால் கட்டப்பட்டது என்பது எந்த வழிகாட்டி நூலிலும் கிடைத்துவிடும். ஆகவே அதைக் கேள்வியாக்குவதில் பயனில்லை. மலையடிவாரத்தில் ஒரே பாறையைக் குடைந்து அமைத்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் அருகருகே இருக்கின்றன. இரு கோயிலாருக்கும் இடையே நீண்ட காலம் நடந்துவந்த வழக்கு 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சாளத் தளபதி ஒருவரின் முன்னிலையில் தீர்த்துவைக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. எங்கள் தாளில் இருந்த கேள்வி இதுதான்: சத்தியகிரீசுவரரை வணங்கிய ஒருவர் சத்தியமூர்த்திப் பெருமாளை வணங்க நேரே போக முடியுமா, தெருவுக்கு வந்து சுற்றித்தான் போக வேண்டுமா? விடையை இங்கே எழுதப் போவதில்லை. பின்னால் வருபவரின் ஆட்டத்தைக் கெடுப்பது இந்த விளையாட்டில் பெருங்குற்றம். ஆனால் அந்த ஒரு கேள்விக்காகப் பிள்ளைகள் இரு கோயில்களின் மதிலையும் வாசலையும் நடந்து அளந்தபோது, எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு வழக்கு அவர்களுக்கு ஏதோ பக்கத்து வீட்டு வேலித் தகராறு போல விளங்கிவிட்டது.

அங்கிருந்து கானாடுகாத்தான். அரண்மனைக்கு முன்னால் கூட்டம் இருந்ததால் அதைத் தாண்டிச் சென்று, அவ்வூரில் இருக்கும் செட்டிநாடு ரயில் நிலையத்தில் முதல் கேள்வியைத் தேடினோம். நம் ரயில் நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து அந்த நிலையத்தின் உயரம் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் படித்துவர வேண்டும் என்பதே பணி. பல ஆண்டுகள் அந்த வழியே போய்வந்த நான் அதை ஒருமுறையும் படித்ததில்லை.

இரண்டாவது கேள்வியே அன்றைய நாளின் மிகச் சிறந்த கேள்வி என்பது என் கருத்து. நகரத்தார் வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக, இடையில் வளவும் (நடுமுற்றம்) இரண்டாம் கட்டும் அடுப்படிக் கட்டுமாக நீண்டுகொண்டே போகும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். உள்ளே நுழையாமல், யாரையும் கேட்காமல், அந்த நீளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முகப்புக்கு எதிரே தெருவில் நின்று ஒருமுறையும், சுற்றிச் சென்று பின்வாசலுக்கு எதிரே நின்று மறுமுறையும் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த விளையாட்டில் எண்களைப் பாகை (டிகிரி), கலை (மினிட்), கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் எழுதுவது வழக்கம். நம் வட்டாரம் வடக்கு அட்சரேகை 10 பாகையை ஒட்டி அமைந்திருப்பதால், கலையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது எந்தத் திசையிலும் ஏறத்தாழ 1.8 மீட்டர். பிறகு ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும், வீடு திசைகளுக்குச் சாய்வாக இருந்தால் பிதாகரசு தேற்றமும் போதும். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, அந்தத் தேற்றத்துக்கு உலகில் ஒரு வேலை இருக்கிறது என்று அன்றுதான் ஒப்புக்கொண்டாள்.

ஆனால் கணக்கு முதலில் சரியாக வரவில்லை. வெட்டவெளியில் கைபேசியின் பிழை ஐந்து மீட்டர் அளவில்தான் இருக்கும். இரு பக்கமும் உயர்ந்த மதில்கள் நிற்கும் குறுகிய தெருவிலோ செயற்கைக்கோளிலிருந்து நேரே வரும் சமிக்ஞையோடு சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் கலந்துவிடுவதால் புள்ளி அலைபாய்கிறது. “ஐயா, நம்ம இப்ப வளவுக்குள்ள நிக்கிறதாக் காட்டுது” என்று பேரன் தெருவில் நின்றுகொண்டே சிரித்தான். தெருமுனைக்கு வந்து, வானம் திறந்திருக்கும் இடத்தில் எண்களை எடுத்து, மீதத்தைக் காலடியால் அளந்த பிறகே கணக்கு ஒருவாறு நேரானது. செட்டிநாட்டுக்கு இப்படிப்பட்ட தேடல்களை அமைக்க விரும்புபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். எண்கள் தெருவரைக்கும் கொண்டுபோய் விடும், அதற்கு மேல் வழிநடத்த வேண்டியது கேள்வியின் சொற்கள்தான்.

அடுத்ததாக ஓர் ஊரணிக் கரை. படிகளை எண்ணச் சொல்லும் எளிய கேள்வியாகத்தான் அதுவும் தொடங்கியது. அதன் இரண்டாம் பகுதி, ஊரணிக்குத் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டது. மழை குறைந்த இந்த வட்டாரத்தில் வீட்டுக் கூரையில் விழும் நீர் வளவுக்கு இறங்கி, மிஞ்சியது தெருவோர வடிகாலுக்குச் சென்று, தெருவின் சரிவையே வழியாகக் கொண்டு ஊரணியை அடையுமாறு நம் முன்னோர் ஊரையே அமைத்திருந்தார்கள். அதனால் தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்காலைத் தேடுபவர் ஊரணியில் நின்றுகொண்டே அதைக் கண்டுபிடிக்க முடியாது. தெருக்களில் திரும்ப நடந்து, நிலம் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். வரத்துக்காலில் பாதி இப்போது மண் மூடியும், சீமைக்கருவேல் மண்டியும், வேறு பயன்பாடுகளுக்குள் போயும் கிடக்கிறது என்பதையும் அப்படி நடந்தால்தான் பார்க்க முடிகிறது.

கரையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் பிள்ளைகளைப் பார்த்து, “யாரு வீட்டுப் பிள்ளைக? என்னத்தத் தொலைச்சீக?” என்று கேட்டார். என் மனைவி அவரிடம் விவரம் சொல்ல, அவர் எழுந்து வந்து மண்மூடிய வரத்துக்காலின் வாயைக் கைத்தடியால் சுட்டிக் காட்டினார். “கேட்டுத் தெரிஞ்சா அது கணக்குல சேராது, அப்பத்தா” என்று பேரன் வாதிட்டான். இணையத்தில் விளையாடுபவர்கள் பிறர் கண்ணில் படாமல் தேடுவதையே பெருமையாகக் கருதுவார்களாம். நம் ஊர்களில் அது சரிப்படாது என்று நினைக்கிறேன். புதியவர்கள் நாலைந்து பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒரு பூட்டிய வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஊரார் சந்தேகப்படுவார்கள், படவும் வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்வதற்கும் இங்கே மதிப்பெண் உண்டு என்று எங்கள் விதியைத் திருத்திக்கொண்டோம்.

ஆத்தங்குடியில் கேள்வி ஒரு பட்டறையில் இருந்தது: தரையில் பதிக்கும் பூக்கல்லை வார்க்கும்போது பூ மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்த பின் சிமெண்டும் மணலும் இட்டு நிரப்பி, பிறகு நீரில் ஊறவைத்துக் காயவைப்பதை அங்கே நேரில் பார்க்கலாம். அந்த வழவழப்பு கண்ணாடியிலிருந்து வருவது. சூளையில் சுடுவதே இல்லை. இதை மட்டும் நான் சொல்லிவிடுவதால் ஆட்டம் கெடாது. பிள்ளைகள் அங்கே நெடுநேரம் நின்றார்கள்.

இனி, பெட்டி ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். முதலாவது காரணம் பாதுகாப்பு. பொது இடத்தில் மறைத்துவைத்த, உரிமையாளர் தெரியாத பெட்டியை நம் காவல்துறை எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்தின் வெதர்பி என்னும் சிறு நகரத்தில் 2011இல் கடைத்தெருவில் மறைத்துவைத்திருந்த ஜியோகேச்சிங் பெட்டி ஒன்றை வெடிகுண்டு என்று ஐயுற்று, கடைகளை மூடி, இராணுவ நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்து அழித்தார்கள். விளையாட்டு நன்கு அறிமுகமான நாட்டிலேயே இப்படி என்றால், பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலிலோ காரைக்குடிப் பேருந்து நிலையத்திலோ என்ன நடக்கும்?

இரண்டாவது காரணம் இவ்வட்டாரத்துக்கே உரியது. விளையாட்டின் விதி உரியவரின் அனுமதியைக் கேட்கிறது. செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்கு உரியவர் யார்? தாத்தா கட்டிய வீடு இன்று பல புள்ளிகளுக்கு (தனித்தனிக் குடும்பங்களுக்கு) பொதுவாக இருக்கிறது. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். திருமணத்துக்கோ சஷ்டியப்த பூர்த்திக்கோ மட்டும் திறக்கும் அந்த வீட்டின் திறவுகோல் காவல்காரரிடம் இருக்கிறது. அவர் தரும் சம்மதம் சம்மதம் ஆகாது. வீட்டுக்கு வெள்ளையடிக்கவே பங்காளிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க முடியாத நிலையில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக அது நடக்கப் போவதில்லை.

அதைவிடக் கவலை தருவது, பூட்டிக்கிடக்கும் வீடுகளின் துல்லியமான இருப்பிடத்தை உலகம் முழுவதற்கும் அறிவிப்பது. நிலைகளும் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்கு எப்படியெல்லாம் வந்து சேர்கின்றன என்பது காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் ஒருமுறை நடந்தவர்களுக்குத் தெரியும். அவற்றில் பெரும்பகுதி உரியவர்களே விற்றவை என்றாலும், எல்லாமே அப்படி என்று யாரும் உறுதி கூற மாட்டார்கள். ஆகவே பெட்டி இல்லாத தேடலிலும், தனியார் வீட்டு வாசலை இலக்காக வைக்காமல், தெருமுனை, ஊரணி, ரயில் நிலையம், கோயில் முன்மண்டபம், பள்ளிக்கூட மதில் ஆகியவற்றையே இலக்காக வைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். நாங்கள் வீட்டை அளந்த கேள்வியைக்கூட, ஆள் குடியிருக்கும் வீட்டுக்கு, அவர்களிடம் சொல்லிவிட்டு மட்டுமே வைப்பது முறை.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் திருமயம் போன்ற இடங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கல்லிடுக்கில் ஒரு டப்பாவைத் தேடுகிறோம் என்று ஆளுக்கு ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் சுவர் தாங்காது.

பெட்டியில்லா வகை இந்த விளையாட்டுக்குப் புதியதன்று. இடத்துக்குச் சென்று கேள்விக்கு விடை காணும் ‘மெய்நிகர்’ வகை தொடக்க ஆண்டுகளிலேயே இருந்தது. 2005க்குப் பிறகு அவ்வகையில் புதியவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை, தெரிந்தெடுத்த சிலருக்கு மட்டும் அவ்வப்போது வாய்ப்பளிக்கிறார்கள். இப்போது ‘அட்வென்சர் லேப்’ என்ற பெயரில், பெரும்பாலும் ஐந்து இடங்களையும் ஐந்து கேள்விகளையும் கொண்ட தொகுப்பைச் செயலி வழியாக நடத்துகிறார்கள். அதில் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் இழப்பில்லை, எண்களும் கேள்விகளும் அச்சிட்ட ஒரு தாளும், எந்தக் கைபேசியிலும் இருக்கும் வரைபடமும் போதும் என்பதை எங்கள் ஒரு நாள் பயணமே காட்டிவிட்டது.

செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்க்கப்பட்டன. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மாளிகைகளே முன்னுக்கு நிற்கின்றன. மாளிகை இல்லாத கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. கோட்டையூரை எடுத்துக்கொள்வோம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் பிறந்த ஊர் அது. ரோஜா முத்தையா சேர்த்துவைத்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்பதற்கு முன் இருந்த ஊரும் அதுவே. அவ்வழியே கானாடுகாத்தானுக்குப் போகும் வாகனங்கள் அங்கே நிற்பதில்லை. நிற்பதற்கு ஒரு காரணத்தை ஒரு கேள்வி கொடுக்கும். வண்டி நின்றால் தேநீர்க் கடைக்காரருக்கும், மாலையில் வெள்ளைப் பணியாரமும் மசாலாச் சீயமும் சுட்டு விற்கும் பெண்களுக்கும் நான்கு காசு கிடைக்கும். எங்கள் பயணத்தில் விடுதிச் சாப்பாட்டுக்கு ஆன செலவைவிட இப்படிச் சிறு கடைகளில் ஆன செலவே அதிகம் என்று என் மனைவி கணக்குச் சொல்கிறார்.

ஆகவே, ஊருக்கு ஐந்து கேள்விகளை அந்தந்த ஊர்ப் பள்ளி மாணவர்களைக் கொண்டே தயாரிக்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும். எந்த இடத்தை இலக்காக வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதைக் கோயில் நிருவாகத்தாரும் உள்ளாட்சி மன்றமும் பார்த்து எழுத்து வழியாக ஒப்புதல் தர வேண்டும். தாளை அச்சிட்டு ரயில் நிலையத்திலும் விடுதிகளிலும் வைக்கும் பொறுப்பை மாவட்டச் சுற்றுலா அலுவலகம் ஏற்கலாம். பங்குனி பிறந்துவிட்டால் சிறு பிள்ளைகளை நண்பகலில் தெருவில் நடக்கவைக்க முடியாது என்பதால், வெளியூர்களில் இருப்பவர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பும் மார்கழி, தை மாதங்களுக்குள் இதைத் தொடங்குவது நல்லது. ஊரணியை இலக்காக வைக்கும் தாள்களில், பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் படியில் இறங்கக் கூடாது என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வாரம் ஓர் ஊர், அதற்குரிய எண்கள், ஒரு கேள்வி என்று வெளியிட்டு, நேரில் சென்று வந்து விடை எழுதும் பிள்ளைகளின் பெயர்களை மறுவாரம் அச்சிடலாம். தாங்கள் இசைந்தால், பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களுக்கான கேள்விகளை ஊராரிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பின் அனுப்பிவைக்கச் சித்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.